கோணல் வகிடு

செங்கணாபுரத்துப் போட்டோக்களில் அந்தப் பெண்பிள்ளை வந்து நின்ற செவ்வாய்க்கிழமை காலையில், அவளை முதலில் பார்த்தவன் எலுமிச்சை கமிஷன் கடை மாடக்கண்ணுதான். கடையைத் திறந்து, வாசலில் தண்ணீர் தெளித்து, தராசுக்கு மேலே வரிசையாக மாட்டியிருந்த சாமி படங்களுக்கெல்லாம் ஊதுபத்தி காட்டிக்கொண்டே வந்தவன், கடைசிப் படத்துக்கும் பழக்கதோஷத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நகர்ந்து, பிறகு திரும்பி வந்து அண்ணாந்து நின்றான். அந்தக் கடைசிப் படம் சாமி படமில்லை. எட்டாம் வகுப்பு ஆ பிரிவு, 1997 என்று எழுதிய சிலேட்டை மடியில் பிடித்துக்கொண்டு மாடக்கண்ணு முன்வரிசையில் நடுநாயகமாக உட்கார்ந்திருக்கிற குரூப் போட்டோ. வாழ்க்கையில் ஒரே ஒரு வருஷம் கிளாஸ் லீடராக இருந்ததை அவன் அவ்வளவு லேசில் விட்டுவிடுகிறவன் இல்லை.

அந்தப் போட்டோவில் இரண்டாவது வரிசையில், வலது ஓரத்தில், வேப்பமரத்தை ஒட்டி நேற்றுவரை ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். இன்று அந்த இடத்தில் ஒரு பெண்பிள்ளை நின்றாள். அதே கண்கள், வெயிலுக்குச் சுருக்கிய அதே புருவம், ஆனால் தோளுக்கு முன்னால் இரண்டு ஜடைகள் விழுந்திருந்தன, வலது ஜடையின் ரிப்பன் அவிழ்ந்து தொங்கியது. ஆண்கள் பள்ளியில் பெண்பிள்ளைக்கு யூனிபாரம் ஏது? ஆகவே போட்டோ தானே ஒரு முடிவெடுத்து, பையன்களின் கால்சட்டைத் துணியிலேயே அவளுக்குக் காக்கியில் ஒரு பாவாடை தைத்துப் போட்டிருந்தது.

அதிசயப்பட அந்த ஊர்க்காரர்களுக்கு நேரமில்லை என்று நினைத்துவிடக் கூடாது. நேரம் நிறைய இருந்தது, பழக்கம்தான் இல்லை. மூன்று வருஷம் சொட்டு மழையில்லாமல் கிடந்த குளம் ஒரே மழையில் உடைத்துக்கொண்டு தெருவுக்குள் வந்தபோதும் "வந்துட்டுல்லா" என்று சொல்லிவிட்டுக் கட்டிலை உயரத் தூக்கிவைத்தவர்கள் அவர்கள். அதனால் மத்தியானத்துக்குள் அவரவர் வீட்டு அலமாரியையும் டிரங்குப் பெட்டியையும் திறந்து பார்த்தார்கள், எல்லாப் பிரதிகளிலும் அவள் நின்றாள், துபாயில் லாரி ஓட்டுகிற ஒருவன் தன்னுடையதைச் செல்போனில் படமெடுத்து அனுப்பினான், அதிலும் நின்றாள். அந்த ஒரு போட்டோவோடும் முடியவில்லை. தேரோட்டத்தில் வடம் பிடித்த கூட்டத்திலும், எவர் வீட்டுக் கல்யாணப் பந்தியிலோ மூன்றாவது இலையில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கும் பிள்ளைகளின் வரிசையிலும், அந்தப் பையன் இருந்த இடத்திலெல்லாம் அவள் இருந்தாள், ஐந்து வயதில் குட்டிப் பின்னலோடும் பதினைந்தில் தாவணியோடும்.

பையன் யாரென்று யாரும் யாரையும் கேட்கவேண்டியிருக்கவில்லை. மாடக்கண்ணுவின் கடையில் எலுமிச்சை தரம்பிரிக்கிற முப்பிடாதியின் ஒரே மகன், பதினேழு வயதில் ஒரு மஞ்சப்பையோடு ரயிலேறிப் போனவன், போய்ப் பெண்ணாகிவிட்டானாம் என்று ஊர் நாலு மாதம் பேசி, அப்புறம் பேச வேறு விஷயம் கிடைத்ததும் விட்டுவிட்ட பிள்ளை. அவனுடைய பழைய பெயரை இந்தக் கதை சொல்லப்போவதில்லை. அது இல்லாமலும் கதை நடக்கும்.

இதெல்லாம் நடக்கும்போது செவ்வந்தி சென்னையில், கதவு சரியாகச் சாத்தாத தன் வாடகை அறையில், ஒரு துண்டுப் பிரசுரத்துக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு நாற்பத்தொரு வயது. இரண்டு கவிதைப் புத்தகமும் ஒரு கட்டுரைத் தொகுப்பும் எழுதியிருந்தாள், திருநர்களும் தன்பாலினரும் எழுதுவதற்கென்றே ‘கெண்டை’ என்றொரு சிற்றிதழ் நடத்தினாள், அது வருஷத்துக்கு நான்கு இதழ் என்று அறிவித்து இரண்டு இதழ் வந்துகொண்டிருந்தது. இடஒதுக்கீடு கேட்டுச் சேப்பாக்கத்தில் வெயிலில் உட்காருகிற கூட்டத்தில் அவளும் உட்காருவாள், மனு எழுதித் தருவாள், வானவில் பேரணிக்கு முழக்கம் எழுதித் தருவாள், வீதி நாடகத்தில் ஆள் குறைந்தால் போலீஸ்காரியாக நடித்தும் தருவாள். இலக்கியக் கூட்டங்களில் அவளை மேடையேற்றி, "உங்க எழுத்துல ஒரு வலி இருக்கு" என்று பல் டாக்டர் மாதிரிச் சொல்லுவார்கள். அவளுக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். இத்தனையிலும் அவளுக்குத் தாயாக நின்றவள் ரோஸ்லினம்மா. ஊரைவிட்டு வந்த பிள்ளையை மகளாக ஏற்றுக்கொண்டு, அறுவைச் சிகிச்சை முடிந்த நாற்பதாம் நாள் சடங்கு செய்து பால் ஊற்றி, செவ்வந்தி என்று பெயர் வைத்த திருநங்கை அவள்.

பெற்ற தாய்க்குச் செவ்வந்தி கடிதம் போடாமல் இல்லை. வருஷத்துக்கு ஒன்று போட்டாள். அப்பா இறந்துபோனதை இரண்டு மாதம் கழித்து வேறு யாரோ சொல்லிக் கேள்விப்பட்டபோதும் நாலு பக்கம் எழுதிப் போட்டாள். ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை. அம்மாவுக்கு எழுத்து தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் எழுதத் தெரிந்தவளுக்கு வேறு என்ன செய்யத் தெரியும், எழுதத்தான் தெரியும்.

அந்த வாரம் எழும்பூரில் ஒரு கூடத்தில் அவர்களுடைய கலைக்குழு ஒரு கண்காட்சி வைத்திருந்தது. ‘அப்போதும் நாங்கள்’ என்று பெயர். குழுவில் உள்ளவர்களின் சின்ன வயதுப் போட்டோக்கள். ஏற்பாடு செய்த கார்வண்ணன், பிறந்தபோது பெண் என்று எழுதப்பட்டு வளர்ந்தபின் ஆணாக வாழ்கிறவன், தன்னுடைய காதுகுத்துப் படத்தையே பட்டுப்பாவாடையோடு மாட்டியிருந்தான், "நாந்தான் இது, அப்பவே மீசைய முறுக்குற மாதிரிதான் நிக்கிறேன் பாருங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டினான். செவ்வந்தியிடம் ஒரு போட்டோவும் இல்லை. மஞ்சப்பையில் இரண்டு சட்டையும் அம்மாவின் பழைய சீப்பும்தான் கொண்டுவந்திருந்தாள்.

"அப்ப எழுதிக் குடுக்கா. வெறும் சட்டத்துல அத மாட்டிருவோம்" என்றான் கார்வண்ணன்.

அவள் திங்கட்கிழமை சாயங்காலம் கூடத்திலேயே உட்கார்ந்து எழுதினாள். எட்டாம் வகுப்பு ஆ பிரிவு. இரண்டாவது வரிசை, வலது ஓரம், வேப்பமரத்தை ஒட்டி நிற்பவள் நான். ரெட்டை ஜடை. வலது ரிப்பன் அவிழ்ந்திருக்கிறது. வகிடு கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாருக்கும் தெரியாமல் நானே வாரிக்கொண்டது. இவ்வளவுதான் எழுதினாள். கார்வண்ணன் அதைச் சட்டத்துக்குள் வைத்து ஆணியில் மாட்டினான், மறுநாள் விடிந்தபோது அறுநூறு கிலோமீட்டர் தெற்கே அவள் போட்டோக்களுக்குள் வந்து நின்றாள். நடுவில் என்ன நடந்தது என்று யாரும் ஆராயவில்லை.

செங்கணாபுரத்தில் இந்த விஷயத்தால் உண்மையிலேயே சங்கடப்பட்ட ஒரே ஆள் ஆண்கள் பள்ளியின் தலைமையாசிரியர் எபனேசர் சார். பள்ளியின் கூடத்திலும் அதே குரூப் போட்டோ மாட்டியிருந்தது. தொண்ணூறு வருஷ ஆண்கள் பள்ளியில் ஒரு மாணவி எப்படி என்று ஆய்வுக்கு வருகிறவர்கள் கேட்டால் என்ன சொல்வது? சார் ஒழுங்கான மனுஷர், மேலே எழுதிக் கேட்டார். மேலிடம் அதைவிட ஒழுங்கு. ஒரு வாரத்தில் பதில் வந்தது: மேற்படி மாணவிக்குப் பயின்ற காலத்தில் தனிக் கழிப்பறை வசதி செய்து தரப்பட்டிருந்ததா என்பதை மூன்று நாட்களுக்குள் தெரிவிக்கவும்.

எபனேசர் சார் பழைய ஆட்களைக் கூப்பிட்டு விசாரித்தார். வாட்ச்மேன் யோசித்து யோசித்து, அந்தப் பிள்ளை கழிப்பறைப் பக்கம் போய்த் தான் பார்த்ததே இல்லை என்றார். போனால் பையன்கள் சும்மா விடமாட்டார்கள். தண்ணீர்க் குழாய்ப் பக்கமும் வராதாம், தண்ணீர் குடித்தால்தானே போகவேண்டி வரும். காலையில் வந்து சாயங்காலம் மணியடித்ததும் வீட்டுக்கு ஒரே ஓட்டமாக ஓடும், நாங்கள் ஓட்டப்பந்தயத்துக்குப் பழகுகிறது என்று நினைத்தோம் என்றார். சார் ‘இல்லை’ என்று பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆசாரியைக் கூப்பிட்டு, பள்ளிக் கழிப்பறையில் ஓரமாக ஒரு தடுப்பறை கட்டி, உட்பக்கம் தாழ்ப்பாள் வைக்கச் சொன்னார். யாருக்கு சார் என்று ஆசாரி கேட்டார். "யாராவது இருப்பாங்க. இப்பவும் எவனாவது தண்ணி குடிக்காம இருப்பான்" என்றார் சார்.

ஊருக்குள் பெண்கள் அவளை வேறுவிதமாக எடுத்துக்கொண்டார்கள். நல்லது கெட்டதுக்கு ஆல்பத்தை எடுத்துப் பார்த்துப் பழகியவர்கள், ஒரு போட்டோவில் யார் சேலை யார் நகை என்று தனித்தனியாகச் சொல்லக்கூடியவர்கள். பையன் எப்படிப் பெண்ணானான் என்பதில் அவர்களுக்கு இரண்டு நாளில் சலித்துவிட்டது. லட்சணமான பிள்ளை என்று ஒத்துக்கொண்டார்கள், முப்பிடாதி மூக்கு என்று ஒத்துக்கொண்டார்கள், ஒரே ஒரு குறைதான். எல்லாப் போட்டோவிலும் அவள் வகிடு கோணலாக இருந்தது. நெற்றி நடுவில் தொடங்கி, உச்சிக்குப் போவதற்குள் இடதுபக்கமாக ஓடிவிட்டது.

"என்னத்த தல வாரியிருக்கு! தாயில்லாப் புள்ள கணக்கா" என்று மாடக்கண்ணுவின் பெண்டாட்டி கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். சொன்னபிறகுதான், படத்துக்கு நேர் கீழே எலுமிச்சைக் குவியலுக்குப் பக்கத்தில் முப்பிடாதி உட்கார்ந்திருப்பதைக் கவனித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

முப்பிடாதி தலையைத் தூக்கவில்லை. கைபாட்டுக்குப் பெருவட்டு, நடுவட்டு, பொடி என்று அளவுவாரியாகப் பழங்களை மூன்று கூடையில் பிரித்துக்கொண்டிருந்தது. ஆனால் அன்று சாயங்காலம் முதல்முறையாகப் பெருவட்டும் பொடியும் ஒரே கூடையில் கிடந்ததை மாடக்கண்ணு பார்த்தான்.

மறுநாளிலிருந்து அவள் வீடு வீடாகப் போக ஆரம்பித்தாள். இருபத்துநாலு வருஷமாக ஒரு கல்யாணத்துக்கும் சடங்குக்கும் போகாதவள், யாராவது மகனைப் பற்றிக் கேட்டுவிடுவார்கள் என்று சந்தையில்கூட ஓரமாக நடப்பவள், ஒரு பையில் பத்து எலுமிச்சம்பழத்தைப் போட்டுக்கொண்டு போய், கதவைத் தட்டி, பையைக் கொடுத்துவிட்டு, "போட்டாவக் கொஞ்சம் காட்டுங்க" என்பாள். காட்டுவார்கள். மடியில் வைத்துக்கொண்டு, காப்பி ஆறும்வரை பார்ப்பாள். போகும்போது "வகிடு சரியா எடுக்கல" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு எழுந்திருப்பாள்.

மாடக்கண்ணுவுக்குப் பொறுக்கவில்லை. செல்போனில் துழாவி, செவ்வந்தி பேசிய ஏதோ ஒரு கூட்டத்தின் வீடியோவில் போட்டோவில் உள்ள அதே கண்களை அடையாளம் கண்டு, அடியில் இருந்த ‘கெண்டை’ இதழின் நம்பருக்குப் போன் போட்டான். போட்டுவிட்டு எப்படிக் கூப்பிடுவதென்று தெரியாமல் திணறினான்.

"நான் மாடக்கண்ணு. எட்டாங்கிளாஸ். கிளாஸ் லீடர்."

செவ்வந்திக்கு அந்தக் குரலை அடையாளம் தெரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. லேபுக்குப் பின்னால் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, நீ ஆணா பெண்ணா பார்த்துவிடுவோம் என்று அவள் கால்சட்டையை உருவியவனின் குரல் அது. "சொல்லு" என்றாள்.

அவன் எல்லாவற்றையும் சொன்னான். போட்டோ, காக்கிப் பாவாடை, எபனேசர் சார், தாழ்ப்பாள். கடைசியில் அவன் குரல் கம்மிப்போய், "லேபுக்குப் பொறத்தால செஞ்சது... பொம்பளப் புள்ளன்னு தெரியாமச் செஞ்சிட்டோம். படத்தப் பாக்கவே முடியல" என்றான்.

"பையன்னா செஞ்சிருக்கலாமா மாடக்கண்ணு?"

"செஞ்சிருக்கக் கூடாது" என்றான். அதோடு விட்டுவிடாமல் ஒன்று சொன்னான்: "ஒங்கம்மா வீடு வீடாப் போறாவ. நீ... நீங்க வரணும்."

"நீன்னே சொல்லு" என்றாள் செவ்வந்தி. போனை வைத்தாள். ஊர் முழுக்கத் தன்னை ஏற்றுக்கொண்டால் என்ன, ஏற்காவிட்டால் என்ன, அந்த ஒரு வீட்டுக் கதவு திறக்குமா என்பதுதான் இருபத்துநாலு வருஷமாக அவளுடைய ஒரே கேள்வி. ரோஸ்லினம்மாவிடம் சொன்னாள். ரோஸ்லினம்மா வெற்றிலையை மென்று முடித்து, "போ. தொறந்தா உள்ள போ. தொறக்கலன்னா திரும்பி வா, நான் தொறந்துதான வெச்சிருக்கேன்" என்றாள்.

செங்கணாபுரத்தில் அவள் காலை பத்து மணிக்குப் பஸ்ஸைவிட்டு இறங்கினாள். பஸ் ஸ்டாண்டில் யாரும் கூடவில்லை, கைகொட்டிச் சிரிக்கவில்லை. டீக்கடைக்காரர் "வாங்கம்மா, இப்பதான் வாறியளா" என்று நேற்றுப் போனவளிடம் கேட்பதுபோலக் கேட்டார். ஒன்றே ஒன்று விசித்திரமாக இருந்தது. எதிரே வந்த பெண்கள் எல்லோரும் அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் தலையைப் பார்த்தார்கள். அவள் நரைத்த முடியை மொத்தமாகப் பின்னுக்கு இழுத்துக் கொண்டை போட்டிருந்தாள், வகிடே இல்லை. அவர்களுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்.

வீடு பூட்டியிருந்தது. பக்கத்துத் தெருக்குழாயடியில் நின்றாள். அரைமணி நேரம் கழித்து முப்பிடாதி தெருமுனையில் வந்தாள், கையில் காலி எலுமிச்சைப் பை, நடை ஒருபக்கம் சாய்ந்திருந்தது, இவ்வளவு சின்ன ஆளா அம்மா என்று செவ்வந்தி குழாயடியிலிருந்து ஒரு அடி முன்னால் வந்தாள். முப்பிடாதி கிட்டே வந்தாள். பார்த்தாள். அழவில்லை, கத்தவில்லை, யார் என்று கேட்கவில்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்து உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை.

செவ்வந்தி அந்தத் திறந்த கதவைப் பார்த்துக்கொண்டே கொஞ்சநேரம் நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

அம்மா ஒரு சொம்பில் எலுமிச்சைத் தண்ணீர் கரைத்து, உப்புப் போட்டு, அவள் முன்னால் வைத்தாள். சுவரைப் பார்த்துப் பேசினாள்.

"பதினோரு வீடு பாத்துட்டேன். எல்லாத்துலயும் கோணலா இருக்கு."

"நானே வாரினதும்மா."

"எப்ப?"

"நீ எலுமிச்ச பொறுக்கப் போன பொறவு. ஒன் சீப்ப எடுத்து, கண்ணாடி இல்லாம, நடுவுல வகுந்து பாப்பேன். அப்பா வாறதுக்குள்ள கலைச்சிருவேன்."

"சீப்பு காணமேன்னு தேடுனேன்" என்றாள் அம்மா. "அதையும் தூக்கிட்டுப் போய்ட்ட."

அவள் எழுந்துபோய் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். மேலே ஒரு கட்டு கடிதம் இருந்தது, ஒன்றும் பிரிக்காதது. "யாருட்டக் குடுத்து வாசிக்கச் சொல்ல? வாசிக்கவுக ஊர் முழுக்கச் சொல்லுவாவ. நீ வந்து வாசிப்பன்னு வச்சிருக்கேன்" என்று அதை ஓரமாக எடுத்துவைத்துவிட்டு, அடியிலிருந்து ஒரு போட்டோவை உருவினாள். ஸ்டூடியோவில் எடுத்த குடும்பப் படம். அப்பா நாற்காலியில், அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, நடுவில் பத்து வயதுப் பிள்ளை. அந்தப் படத்திலும் பிள்ளைக்குப் பாவாடை வந்திருந்தது, இரண்டு பக்கமும் ரிப்பன் கட்டிய ஜடை நுனி வந்திருந்தது, ஆனால் முகம் இருக்கவேண்டிய இடத்தில் எட்டணாக் காசு அளவுக்கு ஓட்டை இருந்தது.

"ஒங்கப்பா அடுப்புல போடச் சொன்னாவ. நான் மூஞ்சிய மட்டும் பிளேடால வெட்டி எடுத்துட்டு, அத அடுப்புல போட்டுட்டேன், மத்தது கெடக்கட்டும்னு சொன்னேன். நம்பிட்டாவ." முப்பிடாதி ரவிக்கைக் கையை லேசாக மேலே தள்ளினாள். இடது புஜத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு செம்புத் தாயத்து இருந்தது, இரண்டு முனையும் அரக்கால் அடைத்தது. "சுருட்டி இதுக்குள்ள வச்சிட்டேன். காய்ச்சல்ல கெடந்தப்பவும் அவுக்கல. இதுக்குள்ளதான் இருக்கான்."

இருக்கான் என்று அம்மா சொன்னது செவ்வந்தியின் காதில் விழுந்து நின்றது. எத்தனையோ பேரை அவள் இந்த ஒரு சொல்லுக்காக மேடையிலேயே நிறுத்தித் திருத்தியிருக்கிறாள், பத்திரிகைக்காரர்களை, பேராசிரியர்களை, ஒருமுறை ஒரு நீதிமன்ற வாசலில் வக்கீலை. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் அம்மா சொன்னாள்:

"எல்லா வீட்லயும் நீ வந்து நிக்க. பாக்க நல்லாத்தான் இருக்கு, நான் இல்லன்னு சொல்லல. ஆனா அவன் எங்கயும் இல்ல. நான் பெத்த பய, பத்து மாசம் சொமந்த பய, ஒரு படத்துலயும் இல்ல. ஊர்ல ஒருத்தருக்கும் அவன் ஞாவகம் இல்ல. இதத் தொறந்து பாத்து இதுலயும் நீ இருந்தா, அவன் எங்கன போவான்?"

அப்போதுதான் அவள் அழுதாள், சத்தமில்லாமல், தாயத்தைக் கையால் மூடிக்கொண்டு.

செவ்வந்திக்கு அந்தப் பையன்மேல் முதலில் வந்தது பொறாமை, அதை இந்தக் கதை மறைக்க வேண்டியதில்லை. இத்தனை வருஷமும் அவன் அம்மாவின் புஜத்தில் சூடாக இருந்திருக்கிறான், அவள் மழையில் ரயில்வே பிளாட்பாரங்களில் கிடந்தபோதெல்லாம். பிறகு அவன் ஞாபகம் வந்தது. தண்ணீர் குடிக்காமல் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருந்த பையன். லேபுக்குப் பின்னால் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து, ஒன்றும் நடக்காததுபோல வகுப்புக்குப் போன பையன். பதினேழு வயதில், தான் போய்ச் சேரப்போகிற இடம் எதுவென்று தெரியாமல், தனக்குள் இருக்கிற ஒருத்திக்காக டிக்கெட் இல்லாமல் ரயிலேறிய பையன். அவள் எழுதிய மூன்று புத்தகத்திலும் அவனுக்கு ஒரு நன்றி சொல்லவில்லை.

"எம்மா" என்றாள். "அவன்தான் என்ன ரயிலேத்திவிட்டான். அவன் இல்லன்னா நான் எங்கன போயிருப்பேன்? இருக்கட்டும். தொறக்காத. ஒங்கூடவே இருக்கட்டும்."

முப்பிடாதி நிமிர்ந்து பார்த்தாள். பிரிந்த பிறகு அவளை முழுசாகப் பார்த்தது அதுதான் முதல்முறை, நெற்றியை, மூக்கை, காதில் தொங்கிய சின்ன வளையத்தை, கழுத்துச் சுருக்கத்தை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"சீப்பு எங்க?"

செவ்வந்தி கைப்பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். மூன்று பல் போன பழைய சீப்பு.

"உக்காரு."

செவ்வந்தி தரையில், அம்மாவின் முழங்கால்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள். கொண்டை அவிழ்ந்தது. உள்ளங்கை நிறையத் தேங்காயெண்ணெய் உச்சியில் விழுந்தது. எலுமிச்சைச் சாறு ஏறிக் காய்த்துப்போன விரல்கள் சிக்கெடுத்தன, நாற்பது வருஷத்துச் சிக்கை ஒரே மத்தியானத்தில் எடுத்துவிடுவதுபோல முரட்டுத்தனமாக.

"இம்புட்டு நாளும் ஒனக்கு யாரு பின்னிவிட்டா?"

"ரோஸ்லினம்மா. சென்னையில எனக்கு அம்மா."

விரல்கள் ஒரு நிமிஷம் நின்றன. "நல்லா இருக்கட்டும் அவுக" என்றாள் முப்பிடாதி. "ஒருநாள் கூட்டிட்டு வா. சோறு போடணும்." பிறகு சீப்பின் நுனியை மகளின் நெற்றி நடுவில் வைத்தாள். செவ்வந்திக்கு உடம்பெல்லாம் சிலிர்த்து, தோள் குலுங்கியது.

"ஏட்டி, அசையாத. கோணிரும்."

செவ்வந்தி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் தாடைவரை வந்து சொட்டியபோதும் துடைக்கக் கையைத் தூக்கவில்லை. சீப்பு நெற்றியிலிருந்து உச்சிக்கும் உச்சியிலிருந்து பிடரிக்கும் மெதுவாகப் போனது. பின்னி முடித்ததும் ரிப்பனுக்கு எங்கே போவது, எலுமிச்சை மூட்டை கட்டுகிற சிவப்பு நாடாவை இரண்டு துண்டாக வெட்டி இறுக்கிக் கட்டினாள். நாற்பத்தொரு வயதில் நரைத்த ரெட்டை ஜடையோடு, சிவப்பு நாடாவோடு கண்ணாடியில் தன்னைப் பார்த்துச் செவ்வந்தி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப்பார்த்து, "நல்லாத்தான் இருக்கு, இன்னும் கொஞ்சம் ஏத்திப் பின்னிருக்கலாம்" என்று அபிப்பிராயம் சொல்லிவிட்டுப் போனாள். அன்று பொழுது சாயும்வரை மகள் ஒவ்வொரு கடிதமாகப் பிரித்து வாசித்தாள். நடுநடுவே அம்மா "பொறு, அத இன்னொரு தடவ வாசி" என்றாள்.

மறுநாள் காலையில் மாடக்கண்ணு கடையைத் திறந்து, தண்ணீர் தெளித்து, சாமி படங்களுக்கெல்லாம் ஊதுபத்தி காட்டிக்கொண்டே வந்து, கடைசிப் படத்துக்கு முன்னால் நின்று, ஊதுபத்தியோடு தெருவுக்கு ஓடினான். பத்து நிமிஷத்தில் கடை முன்னால் கூட்டம். தெற்குத் தெருவிலிருந்து கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், பள்ளிக்கூடத்திலிருந்து எபனேசர் சார் சட்டத்தோடு கழற்றிக்கொண்டு வந்தார், துபாய்க்காரன் போனில் கத்தினான். எல்லாப் படத்திலும் வலது ரிப்பன் இறுக்கிக் கட்டியிருந்தது. நெற்றியிலிருந்து உச்சிவரை வகிடு நூல் பிடித்ததுபோல நேராகப் போயிருந்தது.

படத்துக்கு நேர் கீழே முப்பிடாதி எலுமிச்சை பிரித்துக்கொண்டிருந்தாள். பெருவட்டு, நடுவட்டு, பொடி. அவளுக்குப் பக்கத்தில் ரெட்டை ஜடையோடு ஒருத்தி சம்மணம் போட்டு உட்கார்ந்து, எது பெருவட்டு எது நடுவட்டு என்று தெரியாமல் தப்புத்தப்பாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"யத்த, மேல பாருங்க! வகிட்டப் பாருங்க!" என்று மாடக்கண்ணு கத்தினான்.

முப்பிடாதி தலையைத் தூக்கவில்லை. மகள் தப்பாகப் போட்ட பழத்தை எடுத்துச் சரியான கூடையில் போட்டாள்.

"தெரியும்யா" என்றாள். "நாந்தான வாரிவிட்டேன்."